நீர்நிலைச் சான்றாகப் பழைய ஒளிப்படங்கள்: திருநீர்மலையை முன்வைத்து

நீர் சூழ்ந்த மலை என்பதே திருநீர்மலையின் பெயர்க்காரணம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாகவும், அது வடியும்வரை ஆறு மாதம் அவர் காத்திருந்ததாகவும் தலவரலாறு கூறுகிறது. 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான இவ்வூரில் அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளும் குன்றின்மேல் அரங்கநாதரும் கோயில் கொண்டுள்ளனர். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றோடு சேர்வதும் இவ்வூரை ஒட்டியே. ஆயினும் இத்தகைய தலங்களின் பழைய ஒளிப்படங்களைத் தொகுப்போர் பெரும்பாலும் கோபுரத்தையும் மண்டபத்தையும் அடையாளங்காட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். பின்னணியில் கிடக்கும் ஏரி, வயல், வண்டிப்பாதை ஆகியவை விவரக்குறிப்பில் ஏறுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மேற்குத் தாம்பரமும் முடிச்சூரும் மூழ்கிய பின்னர், முன்பு நீர் எங்கே நின்றது என்பது வெறும் ஏட்டு வினாவாக இல்லை. அதற்குப் பழைய படங்கள் விடை தருமா என்பது அவை விவரிக்கப்பட்டுள்ள முறையைப் பொறுத்தது.

கட்டடத்தை மையமாகக் கொள்ளும் பார்வை சென்னை மாகாண ஒளிப்படக்கலையின் தொடக்கத்திலேயே உண்டு. 1856இல் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லினியஸ் டிரைப், திருவரங்கம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படமெடுத்து 1858இல் தொகுதிகளாக வெளியிட்டார். தென்சென்னைப் புறநகர் அவற்றில் இடம்பெறவில்லை. எனினும் கோயிற்படம் எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வாய்பாட்டை அத்தொகுதிகளில் காணலாம். தஞ்சைப் பெரியகோயில் அதிட்டானக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்சுருளாக ஒட்டியவர் அவர். கல்வெட்டாய்வாளர் அவருக்குக் கடன்பட்டுள்ளனர். ஆனால் அவர் கையாண்ட மெழுகுத்தாள் எதிர்ப்படத்துக்கு நீண்ட நேர ஒளி தேவைப்பட்டதால், நடமாடிய மனிதர் படத்தில் மறைந்தனர் அல்லது மங்கிய தடமாயினர். வெறுமையாக விழுந்த வானத்தில் மேகங்களையும், தெளிவற்ற இடங்களில் இலைத்தொகுதிகளையும் அவர் எதிர்ப்படத்தின்மீது கையால் தீட்டிச் சேர்த்தார். கட்டடத்துக்கு ஆவண நம்பகமும் சுற்றுப்புறத்துக்கு ஓவிய உரிமையும் வழங்கப்பட்டன. சூழலியல் வரலாற்றாசிரியர் படிக்க விரும்புவதோ அச்சுற்றுப்புறத்தையே.

அன்றும் இன்றும் என்று இரு படங்களை அருகருகே வைக்கும் இன்றைய வழக்கம் இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை, ஏக்கத்தைத்தான் வளர்க்கிறது. ஆண்டைக் கணிப்பது ஓரளவு எளிது. கடற்கரை–தாம்பரம் மின்தொடர்வண்டி 1931இல் ஓடத் தொடங்கியது. பல்லாவரத்தருகே மின்கம்பிகள் எங்குமே இல்லாத இருப்புப்பாதையைக் காட்டும் படம் அதற்கு முந்தையது எனக் கொள்ளலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்ததும் இத்தகைய மற்றோர் எல்லைக்கல். கல்லுடைப்பால் உருமாறிய திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் விளிம்புக்கோடும் காலத்தைச் சொல்லும்.

ஏரியைப் பொறுத்தவரை ஆண்டைக் காட்டிலும் மாதமே முதன்மையானது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஏரி கார்த்திகையில் கரைதொட்டு நிற்கும். சித்திரை, வைகாசியில் அதே ஏரி மேய்ச்சல் நிலமாகத் தோன்றும். மாதம் குறிக்கப்படாத படத்தைக் கொண்டு ஏரி சுருங்கிவிட்டது என்றோ, இங்கு ஏரியே இருந்ததில்லை என்றோ எதையும் நிறுவிவிடலாம். இரண்டாவது வாதத்தால் யாருக்கு ஆதாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. வருவாய்த்துறைப் புலப்படம் ஏரியின் எல்லையைக் காட்டும், நீரின் நிலையைக் காட்டாது. படம் நீரைக் காட்டும், ஆனால் ஒரு நாளின் நீரை மட்டும். நெற்பயிரின் வளர்ச்சி, நிழலின் சாய்வு, திருவிழாக் கூட்டம் ஆகியவற்றால் அந்த நாளை நெருங்கலாம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைக் காட்டும் படம் மார்கழிக்குரியது. மழைக்காலம் முடியும் வேளையின் நீர்மட்டத்துக்கு அது சான்றாகும். அத்தகைய படத்தை ‘திருவிழா’ என்ற ஒற்றைச் சொல்லில் பதிந்தால் அச்சான்று புதைந்துவிடும்.

திரைப்படம் இங்கு எண்ணத்தக்கதோர் ஆவணம். கோடம்பாக்கத்துப் படப்பிடிப்பு நிலையங்களுக்கு எட்டும் தொலைவில் இருந்ததால் திருநீர்மலைக் கோயிலும் படிகளும் எண்ணற்ற திருமணக் காட்சிகளுக்கும் பாடற்காட்சிகளுக்கும் களமாயின. கதையில் அது வேறேதோ ஊர். பெயர்ப்பலகை கூட மாற்றப்பட்டிருக்கலாம். ஆனால் குன்றின்மேலிருந்து படமாக்கப்பட்ட காட்சியில் நடிகர் தோளுக்குப் பின்னே விரியும் நிலப்பரப்பை எவரும் மாற்றி அமைக்கவில்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நாள் இருப்பதால், காட்சி எந்த நாளுக்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது என்பதும் உறுதி. பெரும்பாலான ஒளிப்படங்களுக்கு இவ்வுறுதி இல்லை. நிலையத்தில் எடுத்த குடும்பப் படங்களோ, தீட்டிய திரைச்சீலையை முன்னிறுத்துவதால் உடை, உறவு பற்றிப் பேசுமளவுக்கு இடம் பற்றிப் பேசுவதில்லை.

விவரிப்பாளர் எதிர்கொள்ளும் மற்றொரு தடை நிருவாகப் பெயர்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபின் காஞ்சிபுரத்திலிருந்த திருநீர்மலை, 2019 முதல் புதிய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 2021இல் அதன் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியில் இணைந்தது. படம் எடுக்கப்பட்ட காலத்து மாவட்டப் பெயரோடு நின்ற பதிவு இன்றைய பெயரில் தேடுவோர் கண்ணில் படாது. தாம்பரம் என்று மட்டும் திருத்தினால் ஊர்ப்பெயரிலுள்ள நீரும் பதிவிலிருந்து போய்விடும். இரு பெயர்களையும், மாதத்தையும், சட்டகத்தின் ஓரத்தில் நிற்கும் ஏரியையும் தனித்தனிப் புலங்களாகப் பதிவதற்கு மேலதிக நிதி வேண்டியதில்லை.