ஆட்டத்தை வகுத்தது யார்? பண்பாடு, சாதி, ஆட்டக் கோட்பாடு

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கிராமத்துத் தேநீர்க் கடையில் நடந்த பேச்சு இது. சேரியிலிருந்து வருபவர்களுக்கு அங்கே தனிக் குவளை. ஏன் என்று கேட்டபோது கடைக்காரர் கோபப்படவில்லை. ‘எனக்கு ஒண்ணும் கெடையாது தம்பி. எல்லாருக்கும் ஒரே கிளாஸ்ல குடுத்தா ஊர்க்காரன் எவனும் கடைக்கு வரமாட்டான்’ என்றார். பெஞ்சில் இருந்தவரைக் கேட்டேன். ‘எனக்கு மட்டும் என்ன? சேர்ந்து உக்காந்து குடிச்சா எங்காளுக சும்மா விடுவாங்களா?’ என்றார். யாரைக் கேட்டாலும் சாதி அவரிடம் இல்லை, அடுத்தவரிடம்தான் இருந்தது.

பசப்பு என்று அன்று ஒதுக்கிவிட்டேன். பிறகு அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1976இல் சாதி பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தபோது கடைக்காரரின் வாக்கியம் அங்கே கணக்காக மாறி நிற்பதைக் கண்டேன். சாதி விதியை மீறுபவன் தள்ளிவைக்கப்படுவான். தள்ளிவைக்கப்பட்டவனோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்பவனும் தள்ளிவைக்கப்படுவான். இந்த இரண்டு விதிகள் போதும். மனத்தளவில் ஒருவருக்குமே சாதியில் ஈடுபாடு இல்லாத சமூகத்திலும் சாதி குலையாமல் நிற்கும் என்று அகெர்லாஃப் காட்டுகிறார்.

ஆட்டக் கோட்பாட்டின் தர்க்கம் இதுதான். நான் என்ன செய்வேன் என்பது நீ என்ன செய்வாய் என்ற என் எதிர்பார்ப்பைப் பொறுத்தது. உன் கதையும் அதுவே. ஒருவர் தனியாக மாறி எந்த ஆதாயமும் காணமுடியாத நிலைக்குச் ‘சமநிலை’ என்று பெயர். ஒரே ஆட்டத்துக்குப் பல சமநிலைகள் இருக்கலாம். ஓரிடத்தில் சாலையின் இடப்புறம் போகிறார்கள், இன்னோரிடத்தில் வலப்புறம். பண்பாட்டு வேறுபாடுகளையும் இப்படி விளக்கலாம் என்கிறார்கள். இதை நாம் அவசரப்பட்டு நிராகரிக்க வேண்டியதில்லை. ‘அது அவங்க ரத்தத்துல ஊறினது’ என்ற பேச்சுக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு கிடையாது. பண்பாட்டுக்குச் சாரம் என்று எதுவுமில்லை, பரஸ்பர எதிர்பார்ப்புகளே உண்டு என்றால், அது மாறவும் கூடும்.

மாறியதற்குச் சீனப் பெண்களின் பாதங்களைக் கட்டிக் குறுக்கிய வழக்கத்தை உதாரணம் காட்டுகிறார் ஜெர்ரி மெக்கி (1996). பாதம் கட்டாத மகளுக்கு வரன் கிடைக்காது என்ற அச்சத்தால் ஒவ்வொரு குடும்பமும் கட்டியது. சுமார் ஆயிரம் ஆண்டு நீடித்த இவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்டங்கண்டு, பல பகுதிகளில் ஒரு தலைமுறைக்குள் ஒழிந்தது. பெற்றோர்கள் சங்கங்களாகத் திரண்டு உறுதிமொழி எடுத்தார்கள்: மகளின் பாதத்தைக் கட்டமாட்டோம், கட்டிய பாதமுள்ள பெண்ணை மகனுக்கு எடுக்கமாட்டோம். எல்லோரும் ஒன்றாக மாறும்போது தனியாக யாருக்கும் நஷ்டமில்லை. அழகான விளக்கம். ஆனால் லாரல் பாசனும் ஹில் கேட்ஸும் முதிய பெண்கள் ஏறத்தாழ 1,800 பேரிடம் பேசி 2017இல் வெளியிட்ட நூல் வேறொன்றைச் சொல்கிறது. சின்னப் பெண்களை ஓரிடத்தில் உட்காரவைத்து நூல் நூற்கவும் நெய்யவும் வைப்பதோடு பாதக்கட்டு பிணைந்திருந்தது. ஆலை நூலும் ஆலைத் துணியும் வந்து அந்தக் கையுழைப்பு விலையிழந்த இடங்களில்தான் கட்டும் தளர்ந்தது. அதாவது ‘ஆதாயம்’ என்று ஆட்டக் கோட்பாடு கட்டத்தில் நிரப்பும் எண்கள் எங்கிருந்தோ வருகின்றன. யாருடைய உழைப்பிலிருந்தோ வருகின்றன.

சாதிக்குத் திரும்புவோம். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் படித்த, இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையில் ஓர் உதாரணம் வரும். இந்து, முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர், பார்சி என்று ஐந்து குழுக்கள். முதல் நான்கும் தமக்குள் மட்டுமே மணம் என்று கதவை மூடிக்கொண்டால், பார்சிகள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தங்களுக்குள்ளேதான் மணந்தாக வேண்டும். ஒரு குழுவின் முடிவு இன்னொரு குழுவின் ‘வழக்கமாக’ ஆகிவிடுகிறது. ஆட்டக் கோட்பாட்டின் மூலத் தேற்றங்களில் ஒன்றை ஜான் வான் நாய்மன் வெளியிட்டது 1928இல். (நம் பல்கலைக்கழகங்களில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. எம்.ஏ.வில் எனக்குக் கிடைத்தது சங்ககாலம் பொற்காலம் என்ற பாடம்தான்.)

ஆனால் அம்பேத்கரின் ஆட்டத்தில் முதலில் கதவை மூடியவன் ஒருவன் இருக்கிறான். அவன் பிராமணன் என்று அவர் பெயர் சொல்கிறார். மற்றவர்களில் சிலர் அவனைப் பார்த்து மூடினார்கள், சிலர் மீது கதவு மூடப்பட்டது. அகெர்லாஃபின் ஆட்டத்தில் இந்த முதல் நகர்த்தலே இல்லை. எல்லோரும் ஏற்கெனவே பலகையில் நிற்கிறார்கள், எல்லோருமே சமநிலையின் கைதிகள். இங்கேதான் இடிக்கிறது.

போதிய அளவு பெரிய கூட்டணி ஒன்று சேர்ந்து மீறினால் சாதிச் சமநிலை உடையும் என்பது அகெர்லாஃபின் கணக்கு. அப்படியானால் கூட்டணி ஏன் சேரவில்லை? விடை 1936இன் ‘சாதி ஒழிப்பு’ நூலில் இருக்கிறது. சாதி ஒரு படிநிலை. ஒவ்வொருவனுக்கும் கீழே இன்னொருவன் இருக்கிறான் என்ற ஆறுதல் அதில் உண்டு. மேலே இருப்பவனோடு சண்டை போடக் கீழே இருப்பவனோடு சேரவேண்டும், சேர்ந்தால் அந்த ஆறுதல் போய்விடும். பாதக்கட்டு ஒழிந்தபோது எந்தக் குடும்பமும் இன்னொரு குடும்பத்தைவிடக் கீழே இறங்கவில்லை. சாதி ஒழிந்தால் இறங்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ‘சமநிலை’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது கணிதத்தில் சரி, அரசியலில் மோசடி.

கார்லா ஹாஃபும் சகாக்களும் உத்தரப்பிரதேசத்தில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். தம் சாதிக்காரர் ஏமாற்றப்பட்டால், சொந்தக் காசைச் செலவழித்து ஏமாற்றியவரைத் தண்டிக்க ஆட்டத்தில் வழியுண்டு. மேல்சாதியினர் அதிகமாகத் தண்டித்தார்கள், தாழ்த்தப்பட்டோர் குறைவாக. செல்வம், கல்வி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் நின்றது. இதை ஒரு சமூகத்தின் ‘விருப்பம்’ என்று பதிந்துவிட எவ்வளவு நேரமாகும்? தட்டிக் கேட்டால் குடிசை எரியும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்கள் ஆட்டத்திலும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். பரிசோதனை மேசைக்கு வருமுன் எத்தனையோ சுற்று ஆடி முடிந்திருக்கிறது. அந்தச் சுற்றுகள் அட்டவணையில் இல்லை.

போன வருஷம் அந்தக் கடைக்கு மறுபடி போனேன். தனிக் குவளை இல்லை. சேரியிலிருந்து வந்தவர் பேப்பர் கப்பில் வாங்கித் தள்ளி நின்று குடித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கையில் கண்ணாடி கிளாஸ். கடைக்காரருக்கு என்னை ஞாபகமில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே, எதில் ஊற்றுவது என்று ஒரு கணம் தயங்கினார். ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்று கேட்டார்.