60-இல் தொடங்கு, 5 கூட்டு

கிட்டார் வாங்கிய முதல் மாதத்திலேயே எல்லோர் காதிலும் விழும் அறிவுரை இது. மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டில் வை. பிசிறில்லாமல் வந்தால் 65, பிறகு 70. இதில் பாதிதான் சரி என்பது என் கணிப்பு.

சரியான பாதி முக்கியமானது. தனியாக வாசிப்பவருக்குத் தன் தடுமாற்றம் கேட்பதில்லை. சி கார்டிலிருந்து ஜி-க்குப் போகையில் இடக்கை விரல்கள் இடம் தேடும். அதுவரை வலக்கையும் நின்றுவிடும். பாட்டு நொண்டுவது கூடப் பாடுபவருக்குத்தான் தெரியும். மெட்ரோனோம் யாருக்காகவும் காத்திருக்காது. மெதுவாகத் தொடங்கச் சொல்வதும் வெறும் பொறுமை உபதேசம் இல்லை, கணக்கு. நாலு தட்டுச் சுற்றின் கடைசி அரைத் தட்டில்தான் பலரும் கார்டு மாற்றுகிறார்கள். 60-இல் அதற்கு அரை வினாடி கிடைக்கும். 120-இல் கால் வினாடிதான்.

இனி ஓட்டைகள். 60-இலிருந்து 65 என்பது 8 சதவீதத்துக்கு மேற்பட்ட தாவல்; 120-இலிருந்து 125 என்பது 4 சதவீதம்தான். அதே 5, புதியவருக்கு மட்டும் இரட்டைச் சுமை. 2 கூட்டினால் போதும். அடுத்து, மெதுவாக வாசிக்கும்போது விரலை அரை அங்குலம் தூக்கி இறக்க நேரம் இருக்கிறது. வேகம் கூடினால் இருக்காது. கையைப் பார்க்காமல் செய்யும் மெதுவான பயிற்சி, பிழையை நிதானமாக மனப்பாடம் செய்வதுதான்.

ஆனால் பெரிய கோளாறு எண்ணில் இல்லை, எதை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. இந்த அறிவுரையோடு ஒட்டிக்கொண்டே வருவது 1-2-3-4 பயிற்சி: அடுத்தடுத்த நாலு ஃப்ரெட்டில் நாலு விரல், ஆறாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை. கார்டு மாற்றமே இல்லாததால் இதில் எண் மளமளவென்று ஏறும். அந்தத் தெம்போடு ஏ மைனரிலிருந்து எஃப்-க்குப் போனால் 60-இலேயே கை திணறும். இளையராஜாவின் ‘இளைய நிலா’வை வாசிக்கும் ஆசையில் கிட்டார் தூக்கியவருக்கு விரல் ஓட்டம் மட்டும் என்ன தரும்? மேல்சல் என்பவர் 1815-இல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோமைக் கொண்டு பீத்தோவன் 1817-இல் தன் சிம்பொனிகளுக்கு வேகம் குறித்தார். குறிக்கப்பட்டது இசையின் வேகம். விரலின் மதிப்பெண் அல்ல.

நம் கர்நாடக இசையின் சரளி வரிசை வேறு வழி காட்டுகிறது. மூன்று காலத்திலும் தாளம் மாறாது. ஓர் அட்சரத்துக்கு ஒன்று, இரண்டு, நாலு என ஸ்வரங்கள்தான் நெருங்கும். தாளம் போடுவதும் பாடுபவரின் கையே. கிட்டாரிலும் 60-ஐ அசைக்காமல், முதலில் நாலு ஸ்ட்ரம்முக்கு ஒரு கார்டு, பிறகு இரண்டு ஸ்ட்ரம்முக்கு ஒரு கார்டு என்று நெருக்கலாம். ஆனால் ஒரேயடியாக இரட்டிப்பது செங்குத்தான ஏற்றம். அந்த இடத்தில் மெட்ரோனோமின் சின்னப் படிகளே மேல்.

கம்பி உயரத்தையும் ஒரு தரம் பாருங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கிட்டாரைச் சரிசெய்யக் கொடுங்கள். அதனால் வரும் விரல் வலியை எந்த எண்ணும் தீர்க்காது. மற்றபடி முதல் மூன்று மாதம் மெட்ரோனோமைக் கார்டு மாற்றத்துக்கு மட்டும் வையுங்கள், 1-2-3-4 பயிற்சி விரல் சூடேற்ற இரண்டு நிமிடம் போதும். இடக்கை தவறினாலும் வலக்கையை நிறுத்தாதீர்கள்.