நாலு தட்டில் உதகை

தமிழ்99 விசைப்பலகையில் ‘உதகை’ என்று எழுத நாலு தட்டு போதும்: உ, த, க, ஐ. ‘குன்னூர்’ இன்னும் அழகு. ‘ன’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்.

2011-ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகள் நீலகிரி மாணவர்களுக்கும் கிடைத்தன. அவற்றில் விண்டோஸுக்குத் துணையாக, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

லினக்ஸில் தமிழ்99-ஐயும் உள்ளீடாகச் சேர்த்துவிட்டால், இன்றைய க்னோம் திரையில் சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலம் தமிழாக மாறும்.

மாறவில்லையா? ஒருவேளை அதே விசைக்கூட்டை வேறொரு நிரல் முந்திப் பிடித்திருக்கும். அமைப்புகளில் விசைப்பலகைப் பக்கத்தைத் திறந்து, வேண்டிய கூட்டைத் தட்டிப் பார்க்கலாம். அது ஏற்கெனவே எந்தப் பணிக்கு உரியது என்று திரையே சொல்லி, மாற்றட்டுமா என்றும் கேட்கும். எவ்வளவு பண்பான கேள்வி!

கண்ட்ரோல்-சி சிக்கல் வேறு ரகம். ஆங்கில ‘சி’யின் இடத்தில் தமிழ்99 ‘ஒ’வை வைத்திருக்கிறது. அதனால் சில நிரல்களில் நகலெடுப்பு நின்றுவிடும். ஆங்கிலத்துக்கு மாறினால் உடனே ஓடும்.

அதற்கும் மசியாத விசைக்கு, எக்ஸ்11 திரையமைப்பில், முனையத்திலிருந்து இயக்கும் எக்ஸ்இவி என்ற சிறு கருவி உண்டு. விசையைத் தட்டத் தட்ட அதன் பெயரும் எண்ணும் வரிவரியாக இறங்கும். தட்டிய விசை கணினிக்குள் போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே தொலைந்ததா என்பது அந்த வரிகளில் தெரிந்துவிடும்.