சிட்டையும் ஒற்றுத்தாளும்

ஆங்கிலத்தில் 'பிளாட்டர்' என்னும் சொல் இரு பொருள் தரும். எழுத்தின் ஈர மையை உறிஞ்சும் மேசைத் தாள் ஒன்று; காவல் நிலையத்து அன்றாட நிகழ்ச்சிகளைப் பதியும் ஏடு மற்றொன்று. பின்னது அமெரிக்க வழக்கு. இவ்விரண்டற்கும் உள்ள இயைபினை ஆராய்தல், புதுச்சேரியில் எழுந்த நாட்குறிப்புக்களை மதிப்பிடும் முறைக்கும் விளக்கந் தரும்.

தமிழில் இவ்வியைபு எளிதிற் கிடைப்பதுபோல் தோன்றும். மையை ஒற்றுவது ஒற்றுத்தாள். மறைவில் நிகழ்வதை அறிவது ஒற்று. ஒற்றாடல் எனத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஆயினும் இவ்வொப்புமை கொண்டு ஆங்கிலச் சொல்லை விளக்குதல் பொருந்தாது. ஒற்றன் மறைந்து அறிவான். நிலைய எழுத்தரோ தம்முன் வந்து உரைப்பதைக் கேட்டு எழுதுவார்.

உண்மை இயைபு வணிகர் கடையில் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டிலேயே பிளாட்டர் என்பது, பேரேட்டில் ஏற்றுமுன் கொடுக்கல் வாங்கலை விரைந்து குறிக்கும் ஏட்டினையும் சுட்டிற்று. காவலர் அதனை மேற்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பிரெஞ்சு மொழியும் இதற்குச் சான்று பகரும். 'புரூயார்' என்பது கடையின் அன்றாடக் குறிப்பேடு. அச்சொல்லே உறிஞ்சுதாளின் பெயரிலும் வரும். 'ஓடும் கை' என்று பொருள்படும் 'மேன் குராந்த்' என்ற கடையேட்டுப் பெயர், காவல் நிலையப் பதிவேட்டிற்கும் பெயராயிற்று. எனவே தமிழில் நேரான சொல் சிட்டை என்பதே. பெரிய மார்க்கெட்டின் வணிகர்க்கு அது புதுச்சொல் அன்று.

அம்மார்க்கெட்டிற்கு அண்மையில் உள்ளது ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் துய்ப்ளேக்சின் அரசியலும் பாக்குக் கிடங்கின் பேச்சும் அடுத்தடுத்து வருகின்றன. பாரசீக, போர்த்துகேசிய, பிரெஞ்சுச் சொற்களும் பேச்சு வழக்கும் விரவிய அந்நடையைக் கொச்சை எனத் தள்ளுவாரும் உளர். புதுச்சேரியின் காவற்பணியில் இருந்த இரண்டாம் வீராநாயக்கரும் 1778 முதல் 1792 வரை நாட்குறிப்பு எழுதினார். காவலும் குறிப்பேடும் ஒருவர் கையிற் கூடியமைக்கு இந்நகரிலேயே அது சான்றாகும்.

இவற்றைப் பேரேட்டின் அளவுகோலால் அளப்பது முறையன்று. பேரேடு முடிவு தெரிந்தபின் எழுதப்படுவது. சிட்டை முடிவு தெரியாமல் எழுதப்படுவது. நாளை யார் வெல்வார் என்பதை அறியாது எழுதியமையாலேயே பிள்ளையின் அச்சமும் நம்பிக்கையும் கலப்பின்றி நம்மை எட்டுகின்றன. வாக்கியத்தைத் திருத்தினால் அவ்வறியாமையும் உடன் அழியும்.

சட்டமும் இதனை உணர்ந்தது. 1861ஆம் ஆண்டுக் காவற்சட்டத்தின் 44ஆம் பிரிவு, நிலையப் பொறுப்பாளர் பொது நாட்குறிப்பு வைத்து, வரும் முறையீடுகளையும் கைது செய்யப்பட்டோர் பெயர்களையும் பதிதல் வேண்டும் என விதித்தது. அங்கு வேண்டப்படுவது நடையழகன்று. உரிய வேளையில், உரிய வரிசையில் எழுதப்பட்டமையே. பின்னர்ச் செம்மை செய்த பதிவு ஐயத்திற்கு இடமாகும்.

ஆதலின், நாட்குறிப்புக்களைப் பதிப்பிப்போர் அவற்றின் பிழைகளை நீக்க விரையாமை நன்று. ஒற்றுத்தாளில் எழுத்துத் தலைமாறித்தான் பதியும். அதனைப் படிக்கக் கண்ணாடி வேண்டுமேயன்றி, அழித்தெழுதும் கோல் வேண்டுவதன்று.