கைவினைஞனும் அவன் காணியும்: ஆனந்த குமாரசுவாமியின் பெருநூல் பற்றியதொரு மதிப்பீடு

சிற்பத்தின் நுட்பத்தை வியந்து பாராட்டுவோர் எக்காலத்தும் பலர். அச்சிற்பி எதனை உண்டு வாழ்ந்தான், வேலை வாராத மாதங்களில் அவன் வீட்டு அடுப்பு எரிந்ததா என வினாவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவை முதற்கண் நிறுத்தி அதற்கு விடைகாண முற்பட்டமையே, ஆனந்த குமாரசுவாமி ஆங்கிலத்தில் எழுதி 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலின் தனிச்சிறப்பாகும். கலைப்பொருள்களை விரிவாக ஆராயும் அந்நூல், கைவினைஞர் ஒரு சமூகமாகக் கூடி வாழும் வாழ்வையும் அதனினும் ஆழமாக ஆராய்கின்றது. அதன் பெருமை யாது, குறை யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் எலிசபெத் என்னும் ஆங்கில மாதுக்கும் மகனாக 1877 இல் கொழும்பிற் பிறந்த குமாரசுவாமி, இலண்டனிற் கல்வி பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத்துறைக்குத் தலைவராய் விளங்கினார். கல்லையும் மண்ணையும் ஆராயச் சென்ற மலைநாட்டு ஊர்களிலே கம்மாளரையும் நெசவாளரையும் சித்திரகாரரையும் கண்டார். அவருடைய துணைவியார் எதெல், நூலுக்கு வேண்டிய நிழற்படங்களை எடுத்துதவினார். பின்னாளில் எதெல் மைரே என்னும் பெயருடன் இங்கிலாந்தின் கைந்நெசவுக் கலைக்கு ஆசானாய்த் திகழ்ந்தவரும் இவரே. மாத்தளையை அடுத்த ஹப்புவிதையில் நகநுனியாற் செய்யப்படும் அரக்குவேலை, தும்பறையின் பாய்நெசவு, புத்தர் படிமத்துக்குக் கண்திறக்கும் நேத்திர மங்கலம் முதலியவற்றை நூல் விரித்துரைக்கும் இடங்களிலே, நேரிற் கண்டவர் சொல்லின் உறுதி புலனாகின்றது.

தலைப்பிலுள்ள 'மத்தியகாலம்' என்னும் சொல் மயக்கந் தரக்கூடியது. நூல் பெரிதும் பேசுவது 18 ஆம் நூற்றாண்டுக் கண்டியைப் பற்றியே. ஆசிரியர் அச்சொல்லாற் சுட்டுவது ஒரு சமூக நிலையை. அந்நிலையிலே அரசனுடைய 'பட்டல் ஹதர' எனப்பட்ட நான்கு பட்டறைகளைச் சேர்ந்தோரும், விகாரைகளையும் தேவாலயங்களையும் சார்ந்த கைவினைஞரும் தம் பணிக்கு ஈடாக வயல் பெற்றிருந்தனர். தமிழ்ப் 'பங்கு' என்பதனோடு உறவுடைய 'பங்குவ' என்னும் சொல்லாற் குறிக்கப்பட்ட அந்நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது; தொழிலும் உடன் சென்றது. பொருளுக்கு இவ்வளவு விலை என்று பேசி வேலை செய்யும் கட்டாயம் இன்மையால், கைவினைஞன் நாளை எண்ணி வேலையைக் குறைக்கவில்லை. ஒரு தந்தப் பிடியைச் செதுக்க ஒரு திங்கள் வேண்டுமாயின் ஒரு திங்கள் செலவிட்டான். கண்டிக் கலையின் செம்மைக்கு வேர் அவ்வயலிலே உள்ளது என்பதே நூலின் மையக் கருத்தாகும். வடிவங்களை மட்டும் அளந்து வகைப்படுத்திய அக்கால ஆய்வாளரிடையே இஃதொரு துணிவான கூற்று என்க.

இக்கூற்றுக்கு மாறானதோர் எடுத்துக்காட்டு, நூல் அச்சான ஊரின் அருகிலேயே நிகழ்ந்துகொண்டிருந்தது. இலண்டனின் கிழக்குப் பகுதியிலே சீ. ஆர். ஆஷ்பி என்பார் 1888 இல் நிறுவிய கைவினைஞர் சங்கம், 1902 இல் சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. தொழிலாளரும் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 150 பேர் ஆங்குச் சென்றனர். கைவிடப்பட்ட பழைய பட்டாலை ஒன்றிலே வெள்ளி வேலையும் மரவேலையும் கொல்வேலையும் நடைபெற்றன. தொழிலாளர் சங்கத்திற் பங்குடையராயிருந்தனர். மாலையில் நாடகம் நடித்தனர், இசை பயின்றனர். 1904 இல் ஒரு கைவினைக் கல்லூரியும் தோன்றிற்று. ஆயினும், அவர் செய்த வெள்ளிக் கலங்களின் பாணியிலே, இயந்திரத் துணைகொண்டு செய்த பொருள்களை லிபர்ட்டி என்னும் இலண்டன் வணிக நிலையம் குறைந்த விலைக்கு விற்றது. தலைநகரில் இருந்த காலத்தில், சங்கத்தில் வேலை குறைந்தபோது தொழிலாளன் வேறு பட்டறைக்குச் செல்லக்கூடியதாய் இருந்தது. நாட்டுப்புறத்திலோ அவ்வழியும் அடைபட்டது. விற்கப்படாத பொருள் குவிய, 1908 ஆம் ஆண்டளவிற் சங்கம் கலைக்கப்பட்டது. கூடிவாழும் மனமும் கைத்திறனும் குறைவின்றி இருந்தும், காணி இல்லாமையாற் கைவினைஞர் வாழ்வு சரிந்தது. குமாரசுவாமியின் கருத்துக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

எனினும், சான்று ஒன்றை நிறுவுவதோடு திறனாய்வு முடிவதில்லை. கண்டிக் கைவினைஞன் தன் வயலுக்குக் கொடுத்த விலை யாது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த இரொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தம் நூலிலே கொல்லனைப் பற்றி எழுதியுள்ளார். வேலை வேண்டி வருவோர் கையுறையோடு வணங்கி வருவர். கரியும் இரும்பும் அவரே கொணர்வர். துருத்தி ஊதுபவரும் பெருஞ்சம்மட்டி அடிப்பவரும் அவரே. கொல்லன் இருக்கையில் அமர்ந்தவாறே சிறு சுத்தியலால் வடிவு திருத்துவான். அறுவடைக் காலத்தில் நெல் அவன் வீடு வந்து சேரும். குமாரசுவாமி போற்றும் பெருமிதம் இதுவே. ஆனால், அதே நொக்ஸ், உயர்குடியினர் இத்தொழிலாளரோடு உண்பதில்லை என்றும், செல்வத்தாலோ பதவியாலோ குலத்தின் படிநிலை மாறுவதில்லை என்றும் கூறுகின்றார். கொல்லன் மகன் கொல்லனாயன்றி வாழ இயலாத ஒழுங்கிலேதான் அந்நெல் வந்தது. குமாரசுவாமி சாதியமைப்பையும் அரசனுக்குச் செய்யும் இராசகாரிய சேவையையும் நிழல்தரும் மரமாகக் காண்கின்றாரேயன்றி, அம்மரத்தோடு பிணித்த கயிற்றைப் போதிய அளவு காட்டினாரல்லர். இராசகாரியம் 1832 இல் ஒழிக்கப்பட்டமையாற் கலைக்கு நேர்ந்த இழப்பு நூலிற் கணக்கிடப்படுகின்றது. மனிதனுக்குக் கிடைத்த விடுதலை கணக்கிற் சேரவில்லை. நூலின் பெருங்குறை இதுவே.

நூல் ஆக்கப்பட்ட முறையும் இக்குறைக்கு விளக்கந் தருகின்றது. வில்லியம் மொறிஸ் தம் கெல்ம்ஸ்கொற் அச்சகத்திற் பயன்படுத்திய கையச்சுப் பொறி எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்துக்கு வந்திருந்தது. குமாரசுவாமி அதனை புறோட் கம்டனிலுள்ள தம் இல்லத்தில் அமைத்து, 1907 செப்டெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை பதினைந்து திங்கள் மேற்பார்த்து, 425 படிகளை அச்சிடுவித்தார். கையாற் செய்த பொருளின் சிறப்பைப் பேசும் நூல் தானும் கையாற் செய்யப்பட்டது. சொல்லும் செயலும் இங்ஙனம் பொருந்துதல் அரிது, போற்றத்தக்கது. ஆயினும், அடுத்த ஊரிலே ஆஷ்பியின் தொழிலாளர் வேலையிழந்த அதே திங்கள்களில் இப்பொறி ஓயாது இயங்கியமைக்குக் காரணம், ஆசிரியருக்குத் தந்தைவழி வந்த செல்வமே. சந்தையை நம்பாமல் வேலை செய்யும் பேறு அவருக்கும் பிறப்பால் வாய்த்தது. பிறப்பால் வரும் பாதுகாப்பின் இனிமையை அவர் நன்கு உணர்ந்ததும், அதன் இறுக்கத்தை அத்துணை உணராததும் வியப்பன்று.

அவ்வாறாயின், குலக்கட்டும் சந்தையும் அன்றி வேறு வழி இல்லையா? சங்கம் கலைந்தபின், அமெரிக்கரான யோசப் பெல்ஸ் என்பார் புறோட் கம்டனில் ஏறத்தாழ 70 ஏக்கர் நிலத்தை வாங்கி உதவ, எஞ்சிய தொழிலாளர் சிலர் பயிரும் தொழிலும் சேர நடத்த முயன்றனர். அம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆயினும், அங்கு நிலம் இருந்தது; குலக்கட்டு இல்லை. விரும்பியவன் வந்தான், விரும்பாதவன் சென்றான். ஆஷ்பியின் தொழிலாளருள் ஒருவரான ஜோர்ஜ் ஹார்ட் தொடர்ந்து நடத்திய வெள்ளிப் பட்டறை, அதே பழைய பட்டாலையிலே அவர் வழியினரால் நூறாண்டு கடந்தும் நிலைபெற்றமை, இவ்வழி முற்றும் பொய்யன்று என்பதைக் காட்டுகின்றது.

ஆகவே, 'மத்தியகாலச் சிங்களக் கலை' சரியான வினாவை எழுப்பி, விடையிற் பாதியைத் தந்த நூல் எனல் பொருந்தும். பாராட்டும் பரிசும் கைவினைஞனைக் காப்பதில்லை, உறுதியான வாழ்வாதாரமே காக்கும் என்பது அந்நூல் நிலைநாட்டிய உண்மை. அவ்வாதாரம் அவனுடைய மகனைப் பிணிக்கும் தளையாகிவிடாமல் இருத்தல் வேண்டும் என்பது நூல் சொல்லாது விட்ட உண்மை. மன்னார் முதல் மாத்தளை வரை, பனையோலை பின்னுவோரும் அரக்குக் கடைவோரும் உள்ளளவும் இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே நோக்குதல், இந்நூலைக் கற்போர்க்குரிய கடனாகும்.