கணக்கு வைத்த கருணை

கண்ணப்பர் கதையில் எல்லோருக்கும் நினைவிருப்பது அவர் தன் கண்ணைத் தோண்டி அப்பியதுதான். அதற்கு முன்னால் செய்ததைப் பலர் மறந்துவிடுகிறோம். சாமியின் கண்ணில் ரத்தம் வழிந்ததும் காட்டுக்குள் ஓடிப் பச்சிலை பறித்துவந்து பிழிந்து பார்த்தார், கேட்கவில்லை. அதன் பிறகுதான் கண்ணுக்குக் கண் என்ற யோசனை. இரண்டாவது கண்ணைப் பெயர்க்குமுன் இடம் தவறிவிடக் கூடாதென்று காலை ஊன்றி அடையாளமும் வைத்துக்கொண்டார். முறை தெரிந்த பக்தர்.

மதுரை அண்ணாநகரில் அரவிந்த் கண் மருத்துவமனையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு அறுவை சிகிச்சை செய்தவர். புதுச்சேரி அரவிந்தர், அன்னை வழியில் நம்பிக்கை. மருத்துவமனைக்கு வைத்த பெயரும் அதிலிருந்தே. பணம் கட்டுவோரின் வருமானத்தில் கட்ட முடியாதவருக்கும் சிகிச்சை என்பது ஏற்பாடு. நம் ஊர் அன்னதானத்தின் சாயல் அதில் உண்டு. ஆனால் அன்னதானத்தில் இலையை எண்ணுவோம், பசி ஆறியதா என்று எவரும் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்பதில்லை. இங்கே பார்த்தார்கள். அதனால்தான் இதைத் திறனாய்வுக்கு எடுக்கத் தோன்றுகிறது.

ஒரு காலத்தில் கண்புரை அறுவை என்றால் இயற்கை லென்ஸை முழுதாக எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். குருடாய் இருந்தவருக்கு அதுவே பெரிய வரம். பிறகு கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தது. இறக்குமதி விலை 100 டாலர் அளவில். வசதி உள்ளவருக்கு லென்ஸ், இலவசமாக வந்தவருக்குச் சோடாபுட்டி. நேற்றுவரை புண்ணியமாக இருந்த அதே கண்ணாடி இன்று ஓரவஞ்சனை ஆகிவிட்டது. கொடுத்த கை மாறவில்லை, மனசும் மாறவில்லை. இதைவிட நல்லது செய்ய முடியும் என்ற அறிவு வந்து சேர்ந்ததும் பழைய நன்மை கூசத் தொடங்கியது. 1992-ல் ஆரோலேப் என்ற தங்கள் லென்ஸ் தொழிற்கூடத்தைத் தொடங்கி, சுமார் 10 டாலருக்கு லென்ஸை இங்கேயே செய்த பிறகுதான் அந்தக் கூச்சம் தீர வழி பிறந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராமத்தார் ஆபரேஷனுக்கு வராததற்கு அறியாமை, பயம், மூடநம்பிக்கை என்றுதான் படித்தவர்கள் நெடுநாள் சொல்லிவந்தோம். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பலவித அழைப்பு முறைகளை ஒப்பிட்டு நடத்தி, 1991-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. பஸ் செலவையும் சாப்பாட்டையும் சேர்த்து ஏற்றுக்கொண்டபோது கூடுதல் பேர் வந்தார்கள். ஏற்கெனவே பார்வை பெற்ற ஒருவர் வீடுவீடாகப் போய்ப் பேசியதும் பலித்தது. இலவசம் என்று நாம் பெருமையாகச் சொன்னது ஏழைக்கு இலவசமாக இருக்கவில்லை! கூட வரும் மகனின் கூலியும் போகும் அல்லவா? 1999-ல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கசப்பானது: கண் பிரச்சினை உள்ளவர்களில் கண் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. கூட்டம் நிறைந்த முகாம் பந்தலைப் பார்த்துக் கண் கலங்கியவர் எவருக்கும் வராமல்போன மீதிப் பேர் தெரிந்திருக்க மாட்டார்கள். கிராமப் பக்கங்களில் நிரந்தரமான சிறு பார்வை மையங்கள் பின்னர் வந்ததற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் அறத்தை விஞ்ஞானத்திடமே ஒப்படைத்துவிடலாமா? முடியாது. கூலி வேலைக்கும் போக முடியாத எழுபது வயதுக் கிழவியின் கண்ணுக்கு, வெறும் வரவு செலவுக் கணக்கு என்ன விலை போடும்? அவளையும் கணக்கில் சேர் என்று சொல்லும் குரல் எந்தப் புள்ளிவிவரத்திலிருந்தும் வருவதில்லை. வெங்கடசாமிக்கு அது ஆன்மிகத்திலிருந்து வந்தது. கடவுளை மறுத்த பெரியாரின் தோழர்களுக்கு வேறிடத்திலிருந்து வந்தது. இந்தத் தமிழ்நாட்டில் அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும்.

தொண்டு என்ற சொல்லை மட்டும் நம்பி நிற்பதன் ஆபத்தை விழுப்புரம் வட்டாரம் 2008-ல் பார்த்தது. ஓர் இலவச முகாமுக்குப் பிறகு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பார்வையை இழந்தார்கள். இலவசம்தானே என்று தொற்றுக்கிருமி விலகி நிற்காது. அதே மருத்துவர்கள் பணம் கட்டுவோர், கட்டாதோர் என்ற இரு பிரிவுக்கும் மாறிமாறிப் போகும் மதுரை ஏற்பாட்டின் வலு இங்கே விளங்கும். படுக்கை மாறலாம், அறை மாறலாம்; அறுவையின் தரம் மாறக் கூடாது.

இந்த முறையில் எனக்கு நெருடுவது வேறு இடம். இதன் பெரும்பாரத்தைச் சுமப்பவர்கள் டாக்டர்கள் அல்லர். பிளஸ் டூ முடித்துக் கிராமங்களிலிருந்து வந்து, இங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்கள். ஒரு டாக்டர் மளமளவென்று அடுத்தடுத்த கண்ணுக்குப் போக முடிவது, அடுத்த நோயாளியை அவர்கள் தயாராக வைத்திருப்பதால். அந்தப் பெண்களுக்கு ஒரு தொழில் கிடைத்தது உண்மை. ஆனால் சேவை என்ற சொல் புழங்கும் எந்த இடத்திலும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் அநாகரிகமாகிவிடுகிறது. எண்ணிக்கையின் மொழியோ அவர்களைத் திறன் என்ற பத்தியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும். திறந்த கண்களை எண்ணிய அதே கறாரோடு, மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் அந்தப் பெண்ணின் கால்வலியையும் யாராவது எண்ணியிருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.