பூவாளி யார் கையில்?

முதியோர் இல்லம் ஒன்றின் வாயிலைக் கடந்ததும் நம் கண்ணில் முதலில் படுவது அதன் பூந்தோட்டம். ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்ட குரோட்டன்ஸ் செடிகள், செங்கல் வரம்பிட்ட புல்வெளி, நடுவே ஒரு கெபி, அருகே 'பூக்களைப் பறிக்காதீர்' என்ற பலகை. அத்தகைய இல்லம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, வாழ்நாளெல்லாம் வயலில் உழைத்த மூதாட்டி ஒருவர், வாடி நின்ற செடியின் அடிமண்ணைக் கிளறக் குனிந்தார். "பாட்டி, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? தோட்டக்காரர் பாத்துக்குவாரு, வந்து உக்காருங்க" என்று பணிப்பெண் அன்போடு அழைத்தார். மூதாட்டி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். அந்த அன்பில் குறை காண்பதற்கில்லை. குறை அவ்வில்லத்தை வகுத்த கருத்தில் இருந்தது. அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1976-ஆம் ஆண்டு எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலாளர் இருவர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு தளத்து முதியோரிடம், தங்கள் அன்றாட வாழ்வைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்று எடுத்துக்கூறி, ஆளுக்கொரு செடியைப் பேணும் பொறுப்பையும் அளித்தனர். வேறொரு தளத்தில் இருந்தோருக்கும் செடிகள் கொடுக்கப்பட்டன. ஆனால் அவற்றுக்குச் செவிலியரே நீர் ஊற்றுவர் என்று சொல்லப்பட்டது. மூன்று வாரங்களுக்குப் பின், பொறுப்பு ஏற்றவர்களே கூடுதல் சுறுசுறுப்போடும் மனநிறைவோடும் காணப்பட்டனர். இப்பயன் முழுவதையும் செடிக்கே உரித்தாக்குவது பொருந்தாது. தீர்மானிக்கும் உரிமையும் அதனோடு சேர்ந்தே வழங்கப்பட்டது. எனினும் இரு தளங்களிலும் பசுமை இருந்தது. பூவாளி மட்டுமே வேறு வேறு கைகளில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நம் அருகிலேயே இதற்கொரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கடலூர்க் கரையோரத்தில் எண்ணற்ற முதியோரை ஆதரவற்றோராக்கியது. அதன்பின் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் அம்மாவட்டத்தில் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை உருவாக்கியது. ஏறத்தாழ நூறு முதியோர் வாழ இடமளிக்கும் அங்கே, காய்கறித் தோட்டமும் இயற்கை உழவும் அன்றாட வாழ்வின் பகுதிகளாக அமைந்தன. 'இல்லம்' என்னாது 'கிராமம்' எனப் பெயரிட்டதே போற்றத்தக்கது. பராமரிக்கப்படுவோர் என்ற நிலையிலிருந்து குடிமக்கள் என்ற நிலைக்கு முதியோரை உயர்த்தும் சொல் அது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. முதியோர் மட்டுமே வாழும் ஊர் முழுமையான ஊராகுமா? அவரை விதையைப் பாட்டி யார் கையில் கொடுப்பார்?

சட்டமும் இவ்வினாவைத் தீர்க்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, மாவட்டத்துக்கு ஒன்றாகவேனும், குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லங்களைப் பற்றிப் பேசுகிறது. தெருவில் நிற்போருக்குக் கூரை வேண்டும் என்னும் அதன் அக்கறையை மறுப்பதற்கில்லை. ஆனால் 150 பேரை ஒரே இடத்தில் கூட்டினால், அவர்களைத் தம் ஊரிலிருந்தும் மண்ணிலிருந்தும் பெயர்த்தெடுக்க வேண்டிவரும்.

வடக்கனந்தலை எண்ணிப் பார்ப்போம். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணை நீர் பாயும் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் பூமி. இளையோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்ல, ஊரில் தங்கியிருப்போர் மண்ணை அறிந்த முதியோர். இவர்களுக்கு மாவட்டத் தலைநகரில் மாடிக் கட்டடம் எழுப்புவதைவிட, ஊருக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு சிறு வீடுகளை ஒரு தோட்டத்தைச் சுற்றி அமைப்பதே அறிவுடைமை என்று கருதுகிறோம்.

அவ்வீடுகளை எவ்வாறு அமைக்கலாம்? ஒவ்வொன்றுக்கும் தோட்டத்தை நோக்கிய திண்ணை வேண்டும். உழைக்க இயலாதவரும் அங்கமர்ந்து, 'புடலைக்குப் பந்தல் போதாது' என்று சொல்லும் உரிமை பெறுவார். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டுச் சுவர் செங்கல்லில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும். சுவரினுள் அடைபடும் காற்று வெயிலின் கடுமையையும் தணிக்கும். பாத்திகள் சில இடுப்பளவு உயர்ந்திருந்தால் குனிய இயலாதோரும் கீரை விதைக்கலாம். படிக்குப் பதிலாக, பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி மட்டுமே ஏறும் சரிவுப் பாதை அமைய வேண்டும்; அதன் தளம் வழுக்காத சொரசொரப்போடு இருக்க வேண்டும். குளியலறை நீர் வாழைக்கும் சேம்புக்கும் பாயட்டும். கூரையில் விழும் மழை தொட்டியில் சேரட்டும். கழிப்பறை தோட்டத்திலிருந்து எட்டிய தொலைவில் இருந்தால், முழங்கால் வலியுள்ள எவரும் வெளியே வரத் துணியார்.

இவற்றினும் முதன்மையானது சமையலறை. தோட்டத்துக் காய் பொதுச் சமையலறைக்குள் நுழையாவிட்டால் அத்தோட்டம் வெறும் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும். இன்று முருங்கைக்கீரையா, பாகற்காயா என்பதை முதியோரே முடிவு செய்ய வேண்டும். ஆடிப்பட்டத்தில் என்ன விதைப்பது என்பதும் அவர்களது கூட்டத்தின் தீர்மானமாக இருக்கட்டும். சாம்பல் கலந்து கலயத்தில் காத்த விதையை ஊர்ப்பள்ளிச் சிறுவர்கள் வந்து வாங்கிச் செல்ல ஒரு வாயிலும் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஐம்பது ஆண்டு கூலிக்கு மண் வெட்டி முதுகு வளைந்தவரை மறுபடியும் மண்வெட்டி பிடிக்கச் சொல்வது நீதியா? இம்மறுப்பு வலுவானது, இதைத் தட்டிக்கழிக்கலாகாது. உணவுக்கு ஈடாகத் தோட்ட வேலை கேட்கும் நாளில், அவ்விடம் முதியோர் குடியிருப்பு என்னும் தகுதியை இழந்து பண்ணையாகிவிடும். வேலை செய்யாதவருக்கும் அதே இலை, அதே சோறு, கூட்டத்தில் அதே குரல் இருக்க வேண்டும். செடி வளர்க்கும் உரிமையைப் போலவே சும்மா இருக்கும் உரிமையும் காக்கப்படுதல் வேண்டும்.

நம் பங்குகளில் முதியோருக்கென நிலமோ நன்கொடையோ வரும்போது, முதலில் பொறியாளரை அழைத்து வரைபடம் கேட்கிறோம்; அடிக்கல் நாட்டுகிறோம்; பளிங்குக் கல்லில் கொடையாளர் பெயரைப் பொறிக்கிறோம். குடியிருக்கப் போகிறவர்களை ஒருமுறையேனும் கேட்டதுண்டா? அடுத்த வரைபடம் விரிக்கப்படும் மேசையைச் சுற்றி ஊரின் மூதாட்டியர் நால்வரை அமர்த்திப் பார்ப்போம். குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஒதுக்கிய இடத்தைக் காட்டி, "இங்க அவரைப் பந்தல் போட்டா என்ன?" என்று அவர்களுள் ஒருவர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு இடமளித்து எழும் கட்டடமே அவர்களுக்கு வீடாகும்.